சார்ந்த அமைப்பு

சட்டமன்றத்தின் வடக்கு வாசலில், காவலர் கூண்டை ஒட்டி, ஒரு ஜன்னலும் ஒரு மேஜையும் மட்டுமே கொண்ட நுழைவுச்சீட்டு அறையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் பாஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உறுப்பினர்களின் ஓட்டுநர்கள், பத்திரிகைக்காரர்கள், மனுவும் கையுமாக வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூன்று வயது மூத்த செக்‌ஷன் ஆபீசருக்கும் அக்கா. "உங்களுக்கு நான் அக்கான்னா உங்க வயசை எங்க கொண்டு போய் ஒளிச்சு வெச்சிருக்கீங்க சார்?" என்று அவள் கேட்பாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த நாளும் அக்கா என்பார்.

அந்தத் திங்கட்கிழமை வந்த குறிப்பாணை ஒரே பத்தி. கைதிகள் குடும்ப உதவிச் சங்கத்துக்குத் தீவிரவாதிகளுடன் தொடர்பு இருப்பதாகப் புகார் எழுந்திருக்கிறது. அந்தச் சங்கம் இனி மன்றத்துக்குள் காலடி வைக்கக் கூடாது, எந்தக் குழுவின் முன்னும் பேசக் கூடாது, அதன் மனு எதையும் வாங்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. அதை ஆராயும் குழுவுக்காக, இரண்டு ஆண்டுகளில் சங்கத்தின் பெயரில் உள்ளே வந்த அனைவரின் பட்டியலையும் மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

அவள் இரண்டு விசைகளை அழுத்தினாள். பட்டியல் அச்சாகி வந்தது. நூற்று நாற்பத்து மூன்று பேர். முதல் பக்கத்தைப் பாதி படித்ததும் நிறுத்தினாள். அதில் பலர் சங்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர்களைச் சங்கத்தில் சேர்த்தவள் அவள்தான்.

அது நடந்த விதம் இப்படி. இரண்டு வருடத்துக்கு முன்வரை நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் 'சார்ந்த அமைப்பு' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். பிறகு வந்த கம்ப்யூட்டர் கோட்டை ஒப்புக்கொள்ளவில்லை. அரசுத் துறை, பத்திரிகை, கட்சி, பதிவு பெற்ற சங்கம் என்று அது காட்டுகிற வரிசையில் ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் சீட்டு அச்சாகும். எதையும் சாராதவர் ஓர் உறுப்பினரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதம் வாங்க உறுப்பினரைப் பார்க்க வேண்டும். உறுப்பினரைப் பார்க்க உள்ளே போக வேண்டும். உள்ளே போகச் சீட்டு வேண்டும். இதை முதல் வாரமே அவள் எழுதிக் கேட்டாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதன்கிழமைதோறும் மனு வாங்கும் நாள். சங்கத்துக்கு அன்று ஐந்து சீட்டு நிரந்தர அனுமதி. அதை நடத்துகிற தபாலம்மா, முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துவிட்டு ஓய்வு பெற்றவள். அவள் மகன் ஆறு வருடமாக விசாரணைக் கைதி. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அவள் இரண்டு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு பத்து மணிக்கு வருவாள். சிறையில் மருந்து தரவில்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க விடுவதில்லை என்று மனு கொடுத்துவிட்டுப் போவாள். இரண்டு இடம் எப்போதும் மிச்சம்.

ஒரு புதன்கிழமை, நடக்க முடியாத மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தையல்காரம்மா ஜன்னலில் நின்றாள். ஊனமுற்றோர் சான்றிதழுக்கு எட்டு மாதமாக அலைகிறவள். கடிதம் இல்லை. பின்னால் நின்ற தபாலம்மா சொன்னாள்: "எங்க எடம் ரெண்டு சும்மாத்தானே கெடக்கு? அதுல போட்டு உள்ள அனுப்பும்மா."

அன்று போட்டாள். அடுத்த வாரம் கேட்டுக்கொண்டு போட்டாள். அதற்கடுத்த சில வாரங்கள் கண்ணாலேயே கேட்டாள். கேட்பது எப்போது நின்றுபோனது என்று அவளுக்கு நினைவில்லை.

பட்டியலின் மூன்றாவது பக்கத்தில் அந்த ஆளின் பெயர் இருந்தது. நான்கு மாதம் முன்பு சரக்கு ரயில் கொட்டகையில் குண்டு வெடித்து இரண்டு காவலாளிகள் செத்தார்கள். பிடிபட்டவன், அதற்கு முந்தைய வருடம் சங்கத்தின் சீட்டில் சட்டமன்றத்துக்குள் போய் வந்திருக்கிறான் என்று ஒரு பத்திரிகை கண்டுபிடித்து எழுதியது. புகாரின் வேர் அதுதான். செய்தியைப் படித்த அன்று, தபாலம்மா கூட்டிக்கொண்டு வந்த ஆளாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்கு மாதம் அதை நம்பியும் வந்தாள். இப்போது நேரம் கண்ணெதிரே இருந்தது. சங்கத்தார் மூவரும் பத்து ஐந்துக்கு உள்ளே போயிருக்கிறார்கள். அவன் போனது பதினொன்று நாற்பதுக்கு. பதிவு செய்தவர் என்ற இடத்தில் அவளுடைய எண்.

முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றாள். வரவில்லை. யாரோ ஒருவன் இரண்டு தடவை நன்றி சொன்னது மட்டும் வந்தது. அது அவன்தானா என்றுகூட உறுதியில்லை.

மாலை நான்கரைக்குப் பட்டியலை உறையில் போட்டு, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள். அவர் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். நாள் முழுக்க மற்றவர்களின் நரம்பைத் தேடுகிற வேலையாதலால் வீட்டில் எதையும் தேட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக்கூட அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"நான் குத்தினாக்கூட, குத்தப் போறேன்னு சொல்லிட்டுத்தான் குத்துவேன்" என்றார். "நீ நூத்துச் சொச்சம் பேரைச் சொல்லாம கொள்ளாம ஒரு சங்கத்துல சேத்திருக்க."

"நூத்துச் சொச்சம் இல்லைங்க. அறுபது இருக்கும்."

"அப்ப சரி, கம்மிதான்." சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "யாராவது கேட்டாங்களா?"

"இல்லை."

"கேக்கற வரைக்கும் சொல்லாத. ரிட்டையர் ஆக நாலு வருஷம் இருக்கு. நீ குண்டு வெக்கல. அந்தம்மாவும் வெக்கல. வெச்சவனைப் பிடிச்சாச்சு. நடுவுல நீ எதுக்குத் தலையைக் கொடுக்கற?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

புதன்கிழமை குழு கூடியது. பதிவேட்டுக்குப் பொறுப்பானவள் என்பதால், கேட்டால் எடுத்துக் கொடுக்க, சுவரோரம் போட்ட நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். நீளமான மேஜை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒலிவாங்கியும் தண்ணீர் பாட்டிலும். எதிரே தனியாக ஒரு நாற்காலி. தபாலம்மா இஸ்திரி போட்ட புடவையில் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குழுத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். கேள்விகளை வெள்ளிக் கண்ணாடி போட்ட ஓர் உறுப்பினர் எடுத்துக்கொண்டார். சங்கம் உதவுகிற கைதிகளில் எத்தனை பேர் தீவிரவாத வழக்கில் உள்ளே இருக்கிறவர்கள் என்று கேட்டார். பதினொரு பேர் என்று தபாலம்மா சொன்னாள். அவர்களுக்கு ஏன் உதவுகிறீர்கள்?

"அவங்களுக்கு இல்ல சார். அவங்க அம்மாக்களுக்கு. அம்மா மேல கேஸ் இல்லையே."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். வெள்ளிக் கண்ணாடி சிரிக்கவில்லை. பட்டியலின் மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார்.

"கொட்டகையில குண்டு வெச்ச இந்த ஆள். உங்க ஆளா, இல்லையா?"

"இல்லை."

"உங்க பேர்ல உள்ள வந்திருக்காரே."

"வந்திருக்கார்."

"எப்படி வந்தார்?"

தபாலம்மா கைப்பையின் பித்தளைப் பூட்டை ஒரு தடவை திறந்து மூடினாள். அவளுடைய பார்வை மேஜையைத் தாண்டிச் சுவரோரம் வந்தது. பாஸ் அக்காவின் மேல் நின்றது. இதோ சொல்லப்போகிறாள், சொல்லிவிட்டால் நல்லது, சொல்லிவிடக் கூடாது. மூன்றையும் பாஸ் அக்கா ஒரே நேரத்தில் நினைத்தாள்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் தபாலம்மா.

"தெரியாதா?"

"வயசாச்சு. எல்லாம் ஞாபகம் இருக்கறதில்லை."

"முப்பது வருஷம் ஊர்ல இருக்கற முகவரியெல்லாம் மனசுல வெச்சிருந்தவங்க" என்று வெள்ளிக் கண்ணாடி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "சொந்த வீட்டு வாசல்ல வந்து போனவன் யாருன்னு தெரியலையாம்."

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். ஊருக்குள் யார் எந்தச் சந்தில் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் மகன் எந்தச் சிறையில் எத்தனையாம் எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள், தனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பு ஓயும்வரை தலை குனியாமல் காத்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் பாஸ் அக்கா பின்னாலேயே ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் பிடித்துவிட்டாள்.

"ஏன் சொல்லல நீங்க?"

"எதை?"

"நான்தான் போட்டேன்னு."

"நீ ஏன் சொல்லல? அங்கதானே உக்காந்திருந்த. மைக் இல்லைன்னா வாயும் இல்லையா?"

"என்னைக் காப்பாத்தணும்னுதானே..." என்று பாஸ் அக்கா தொடங்கினாள்.

"உன்னைக் காப்பாத்தி நான் என்னத்தைக் கண்டேன்?" தபாலம்மாவின் குரலில் இரக்கமே இல்லை. "எங்க சங்கத்துல ஒரே ஒரு கட்டுப்பாடுதான். விசாரணைன்னு கூப்பிட்டா நம்மைப் பத்தி என்ன வேணா சொல்லலாம். அடுத்தவங்க பேரை வாயால சொல்லக் கூடாது. எவனோ அடி தாங்காம பேரைச் சொல்லித்தான் எம்புள்ள உள்ள போனான். இங்க வர்ற முக்கால்வாசிப் பேர் கதை அதான். அதனால நான் யார் பேரையும் சொல்றதில்லை. நல்லவ பேரும் சொல்றதில்லை, கெட்டவ பேரும் சொல்றதில்லை. உனக்காகன்னு நெனச்சுக்காத."

"என் மேல கோபமா?"

"கோபம் இல்லாம? ரெண்டு எடத்தைக் குடுத்தேன். கேட்டுப் போடறியேன்னு குடுத்தேன். நீ கேக்கறதை விட்டுட்ட. ஒரு வார்த்தை, 'இன்னிக்கு ஒருத்தரைப் போட்டேன் தபாலம்மா'ன்னு. அதுக்குக்கூட உனக்கு நேரம் இல்லை."

பேருந்து வந்தது. அவள் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாஸ் அக்கா அந்த வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னை நேசித்து ஒருத்தி மௌனமாக இருந்தாள் என்று நினைத்து, சுவரோரம் உட்கார்ந்து கண் கலங்கியிருந்தாள். அந்தக் கண்ணீரைத் தபாலம்மா வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதைத் தொடுவதற்கே அவளுக்குக் கூசியது. கேட்காமல் போட்டதற்கு நேரமின்மை காரணமில்லை. கேட்டுப் போட்ட நாள்களில் ஜன்னலில் நின்றவர்கள் தபாலம்மாவுக்குத்தான் நன்றி சொன்னார்கள். கேட்காமல் போட்ட நாள்களில் அவளுக்குச் சொன்னார்கள். நாள் முழுக்க இல்லை, முடியாது, கடிதம் வேண்டும் என்று சொல்கிற வாய்க்கு, புதன்கிழமைகளில் இரண்டு தடவை, சரி போங்க என்று சொல்லக் கிடைத்தது. கதவைத் திறக்கிற கை தன்னுடையது என்பதில் ஒரு ருசி இருந்தது. அதற்கு இரக்கம் என்று அவள் பெயர் வைத்திருந்தாள். இரக்கமும் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் இரக்கப்படுகிறவள் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்திருப்பாள். அவளுக்கு ஒரு முகம்கூட ஞாபகமில்லையே?

வெள்ளிக்கிழமை காலை தையல்காரம்மா ஜன்னலுக்கு வந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. கையில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து எழுந்து நேராக வந்திருக்க வேண்டும்.

"அக்கா, நான் எந்தச் சங்கத்துலயாவது இருக்கேனா?"

பாஸ் அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நேத்து ரெண்டு பேர் கடைக்கு வந்தாங்க. போலீஸ்னு சொன்னாங்க, யூனிஃபார்ம் இல்லை. சங்கத்துல எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேட்டாங்க. எந்தச் சங்கம்யா, தையல்காரங்க சங்கத்துலகூட நான் சேரலையேன்னேன். எம் பையனுக்கு ரயில்வேயில வேலை வந்திருக்கு அக்கா. விசாரணை நடக்குது அதுக்கு. அவன் ஃபைல்ல எழுதிட்டாங்களாம். தாயார் தீவிரவாதத் தொடர்புள்ள அமைப்பைச் சேர்ந்தவர்னு." நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் இந்தக் கட்டடத்துக்குள்ள போனேன். நீங்கதானே சீட்டு குடுத்தீங்க? நீங்க சொல்லுங்க அக்கா. உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க, நான் இல்லைன்னு."

கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. முதல் பக்கம், ஏழாவது பெயர்.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

தையல்காரம்மா போனதும் எழுந்து செக்‌ஷன் ஆபீசரின் அறைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடிக்கும்வரை பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை.

"அக்கா, இப்ப நீங்க இந்த ரூமுக்கு வரலை. நான் லஞ்சுக்குப் போயிருந்தேன்."

"மணி பத்தரைதான் சார் ஆகுது."

"எனக்குச் சீக்கிரம் பசிச்சிடுச்சு." பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார்: "பொய்ப் பதிவு. ஒண்ணு இல்ல, அறுபது. சஸ்பெண்ட் பண்ணாம விடமாட்டாங்க. அதுக்கப்புறமும் தீர்மானம் நிறைவேறத்தான் போவுது. அவங்க முடிவு பண்ணிட்டுத்தான் விசாரிக்கறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்னத்துக்கு?"

"அறுபது பேர் வீட்டுக்கும் போலீஸ் போவுது சார். அவங்க யாரும் முடிவு பண்ணல."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டு மேஜையில் பட்டியலை விரித்து உட்கார்ந்தாள். சங்கத்தார் வந்த நேரத்தையும் மற்றவர் வந்த நேரத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயராகப் பிரித்தாள். அறுபத்தொன்று. எதிரே எதற்காக வந்தார்கள் என்று நினைவிலிருந்து எழுத முயன்றாள். பள்ளிக்கூடத்தின் கூரை. ஓய்வூதியம். பாலம் இல்லாத வாய்க்கால். தவறாக ஏறிய பிறந்த தேதி. கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் சொன்னதைக் கேக்கப்போறதில்லை" என்றார்.

"இல்லைங்க."

"பேனாவையாவது மாத்து. அது தேஞ்சுபோச்சு." தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

பதினான்கு பேருக்கு எதிரே நினைவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. அந்த ஆள் பதினான்கில் ஒருவன்.

திங்கட்கிழமை குழு இரண்டாம் முறை கூடியபோது, சுவரோர நாற்காலியிலிருந்து எழுந்து, தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். தலைவர் எதிரே இருந்த தனி நாற்காலியைக் காட்டினார்.

அவள் சொன்னாள். கம்ப்யூட்டர் கேட்கிற கட்டத்தைப் பற்றி, மிச்சமான இரண்டு இடங்களைப் பற்றி, முதல் தடவை தபாலம்மா சொல்லிப் போட்டதைப் பற்றி. அறுபத்தொரு பேரும் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை என்று சொல்லிப் பட்டியலை நீட்டினாள். படித்துக் காட்ட அனுமதி கேட்டாள். நேரமில்லை என்றார் ஒருவர். அவள் அதைக் காதில் வாங்காதவள்போலப் படிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தின் கூரை. ஓய்வூதியம். மகளின் சான்றிதழ். கூட்ட நடவடிக்கை எழுதுகிற பெண் வேகமாக எழுதிக்கொண்டே போனாள். இருபதாவது பெயருக்குப் பிறகு யாரும் குறுக்கே பேசவில்லை.

வெள்ளிக் கண்ணாடிக்காரர் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் குண்டு வெச்ச ஆளும் நீங்க போட்டதுதான்?"

"ஆமா சார்."

"எதுக்கு வந்தார்?"

"தெரியாது சார்."

"கேக்கலையா?"

"கேக்கல. கேட்டிருக்கணும்."

"ஆக, யார் எவர்னு தெரியாத ஒருத்தனைச் சட்டமன்றத்துக்குள்ள விட்டீங்க."

"ஆமா சார். அது என் தப்பு. சங்கத்தோட தப்பு இல்லை."

"சங்கத்தம்மா சொல்லித்தான் போட ஆரம்பிச்சேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஒரு தாயும் பொண்ணும் வெயில்ல நின்னாங்க சார். அவங்களுக்காகச் சொன்னாங்க."

"அப்ப, வாசல்லயே அவங்களுக்கு ஒரு ஆள் இருந்திருக்கு" என்றார் அவர், மேஜையைச் சுற்றிப் பார்த்து, மிகவும் மெதுவாக.

அந்த வாக்கியம் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. மறுக்க வாயைத் திறந்தாள். என்ன மறுத்தாலும் அதுவும் அதே பக்கத்தில்தான் போய் விழும் என்று பட்டது. தபாலம்மா ஏன் யார் பெயரையும் வாயால் சொல்வதில்லை என்பதும் அப்போதுதான் உண்மையாக விளங்கியது.

தலைவர் மட்டும் பட்டியலைக் கையில் வாங்கிக் கடைசிவரை படித்தார். "இந்த அறுபத்தொரு பேர்ல அந்த ஒருத்தரைத் தவிர மத்தவங்க பேரை எடுத்துடுங்க. போலீசுக்கும் எழுதிடுங்க" என்று செயலாளரிடம் சொன்னார். அவளைப் பார்க்காமலே, "நீங்க போகலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இடைநீக்க ஆணை வந்தது. வியாழக்கிழமை மதியம், புதிதாக வந்த பெண்ணுக்குக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லையும் அலமாரிச் சாவியையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தாழ்வாரத்து ஒலிபெருக்கியில் தீர்மானம் வாசிக்கப்பட்டது. குண்டு வைத்தவனைப் பற்றிய வாசகம் சுருங்கி, ஒரே ஒரு வரியாகிவிட்டிருந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்திருந்தது: மேற்படி சங்கம் நுழைவுச்சீட்டு அலுவலகத்திலேயே தனக்குச் சாதகமான ஓர் ஊழியரை வைத்திருந்தது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஆதரிப்போர் 'ஆம்' என்க என்றார் அவைத் தலைவர். பெருங்குரலில் ஆம் என்றார்கள். எதிர்ப்போர் என்றபோது நான்கைந்து குரல் தனித்தனியாகக் கேட்டது.

புதிதாக வந்த பெண் ஒலிபெருக்கியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "சாவி மேல் தட்டுக்கு ஒண்ணு, கீழ்த் தட்டுக்கு ஒண்ணும்மா" என்றாள் பாஸ் அக்கா. "கீழ்த் தட்டு லேசாத் தூக்கித் திறக்கணும்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"தீர்மானத்தைக் கேட்டேன்" என்றாள் தபாலம்மா. "உன்னையும் எங்க ஆளாக்கிட்டாங்க."

"என்னாலதான் இப்படி ஆச்சு. நான் சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்தாலும் இதே 'ஆம்'தான். வேற காரணம் எழுதிருப்பாங்க. அழுவாத, எனக்கு அழுகைக்கெல்லாம் நேரம் இல்லை." அந்தப் பக்கம் செய்தித்தாள் புரளும் சத்தம் வந்தது. "நீ குழுவுல சொன்னது பேப்பர்ல வந்திருக்கு. என் பேரை ஏன் சொன்ன? தாயும் பொண்ணும் கதையில என்னை ஏன் இழுத்த?"

"உண்மையைச் சொல்லணும்னு..."

"உன் உண்மையைச் சொல்லிருக்கணும். என்னோடதை நீ ஏன் சொல்ற?"

பாஸ் அக்கா ஈரமான முகத்தோடு நின்றாள். சொல்லக்கூடாது என்பதை அவள் பேருந்து நிறுத்தத்திலேயே கேட்டிருந்தாள். கேட்டும் செய்திருந்தாள். தான் தொடங்கவில்லை, இன்னொருத்தி தொடங்கி வைத்தாள் என்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அந்த நாற்காலியில் தனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"தப்புதான்" என்றாள்.

"தப்புதான்" என்று தபாலம்மாவும் சொன்னாள். "சரி. அந்த அறுபது பேருக்கும் தெரியுமா, அவங்க பேர் என்ன பாடு பட்டுச்சுன்னு?"

"ஒருத்தங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு..."

"போலீஸ் கதவைத் தட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். எதுக்குன்னே தெரியாம பயந்துக்கிட்டுக் கெடப்பாங்க. இப்ப எடுத்துட்டாங்கன்னும் யாரும் போய்ச் சொல்லமாட்டாங்க. எடுத்தாங்கன்னு காயிதம் இருக்கா?"

"தலைவர் சொன்னது நடவடிக்கைக் குறிப்புல இருக்கும். நகல் கேட்டு வாங்கலாம்."

"வாங்கு. அறுபது பிரதி. வீடு வீடாப் போய், நான்தான் உங்களைக் கேக்காம போட்டேன்னு சொல்லிக் குடுத்துட்டு வா. என் பேர் வேண்டாம், சங்கத்துப் பேரும் வேண்டாம்."

"சரிங்க."

"திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"ஒருத்தர் ரெண்டு பேர் செருப்பைக் கழட்டினாலும் கழட்டுவாங்க." அவள் இதைச் சொன்ன விதத்தில், பல வாசல்களில் நின்று பழகியவளின் சாதாரணம் இருந்தது. பிறகு குரல் மாறியது. வேலைக்கு உட்காருகிறவளின் குரலானது. "பட்டியலைக் கையில எடு. முகவரியெல்லாம் படி. நீ பாட்டுக்கு இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு அலைஞ்சா ஒரு மாசம் ஆகும். ரூட் பிரிச்சுத் தரேன்."

பாஸ் அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். கணவர் அங்கே உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்காமல் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

அவள் முதல் முகவரியைப் படித்தாள்.

"அது ஆத்துக்கு அந்தப் பக்கம். கடைசியில வெய்யி" என்றாள் தபாலம்மா. "அடுத்தது?"